கார் நிறுத்துமிடத்தின் உச்சியில் ஒரு கடற்கரை உணவகம்

"கடலோரக் கடைன்னு சொன்ன. கடல் எங்கடா?"

லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் நண்பன் கேட்ட முதல் கேள்வி இது. கல்லூரி விடுதியில் எனக்கு அறைத்தோழன். பெங்களூரில் இதே மென்பொருள் பிழைப்பில் இருக்கிறான். அலுவலக வேலையாக மூன்று நாள் சிங்கப்பூர் வந்தவனை, மரைன் பரேடில் இருக்கும் ரோலண்ட் உணவகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். சில்லி க்ராபை முதன்முதலில் சமைத்து விற்றவர் என்று சொல்லப்படும் பெண்ணின் குடும்பம் நடத்தும் கடை. சுற்றிலும் வீவக அடுக்குமாடி வீடுகள் (நம்மூர் ஹவுசிங் போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒழுகாது). நடுவில் பல அடுக்குக் கார் நிறுத்துமிடம். அதன் உச்சியில் உணவகம்.

"நீ நிக்கிற இடம்தான்டா கடல்" என்றேன்.

சிரித்தான். நான் ஜோக் அடிக்கவில்லை. 1965இல் அந்த இடத்தில் நின்றிருந்தால் எங்கள் இருவருக்கும் தலைக்கு மேல் தண்ணீர் ஓடியிருக்கும். ஒரு கடற்கரை உணவகத்தின் எழுபதாண்டு வரலாற்றில் மிக முக்கியமான தகவல் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வரலாற்றைச் சொல்கிற எல்லோரும் இதைத்தான் அடிக்குறிப்பாகக்கூட வைக்காமல் தாண்டிப்போகிறார்கள்.

முதலில் எல்லோரும் சொல்கிற கதை. செர் யாம் தியான் என்ற பெண். கணவர் லிம் சூன் நீ. கரையோரத்தில் கிடைக்கும் நண்டை ஆவியில் வேகவைத்துத் தருவது அந்த அம்மாவின் வழக்கம். எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறதே, வேறு விதமாகச் செய்யக்கூடாதா என்று கணவர் கேட்கிறார். தக்காளி சாஸ் ஊற்றி வதக்கிப் பார்க்கிறார், இனிப்பு தூக்கலாக இருக்கிறது. பாட்டிலில் வந்த சில்லி சாஸையும் சேர்க்கிறார். சாப்பிட்டவர்கள் விற்கச் சொல்கிறார்கள். 1956இல் தள்ளுவண்டி. நாலைந்து மேசை, முக்காலிகள். 1960களின் தொடக்கத்தில் அது அப்பர் ஈஸ்ட் கோஸ்ட் சாலையில், கடலைப் பார்த்தபடி பாம் பீச் என்ற உணவகமாகிறது. 1980களில் கடையை விற்றுவிட்டுக் குடும்பம் நியூசிலாந்து போகிறது. மகன் ரோலண்ட் திரும்பி வந்து தன் பெயரில் கடை திறக்கிறார்.

நல்ல கதைதான். எனக்கும் பிடிக்கும். முக்கியமாக அந்த பாட்டில் சாஸ். ஒரு நாட்டின் தேசிய உணவு என்று விமான நிலையச் சுவரொட்டியில் போடுகிறார்களே, அதன் ஆதி ரகசியம் அம்மியில் அரைத்த மசாலாவோ பாட்டனார் ஓலைச்சுவடியோ இல்லை, கடையில் வாங்கிய இரண்டு பாட்டில். பாரம்பரியம் என்றால் குறைந்தது ஐந்நூறு வருஷமாவது வேண்டும் என்று அடம்பிடிக்கிற நம் ஆட்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும். சம்பால், முட்டை எல்லாம் சேர்ந்த இன்றைய குழம்புக்கு 1963 வாக்கில் டிராகன் ஃபீனிக்ஸ் உணவகத்தின் சமையல்காரர் ஹூய் கோக் வாய் செய்த மாற்றங்கள்தான் காரணம் என்பார்கள். ஆக இது வீட்டு அடுப்பும் கடை அடுப்பும் மாறி மாறிச் செய்த பண்டம். கண்டுபிடித்தது அம்மா, பெயர்ப்பலகையில் இருப்பது மகன் பெயர். அதையும் போகிற போக்கில் கவனித்துக்கொள்ளுங்கள்.

என் சண்டை இந்தக் கதையோடு இல்லை. இது விட்டுவிட்ட விஷயத்தோடு. எங்கள் தொழிலில் ஒரு நிரலின் வரலாற்றைப் பார்க்க கிட் லாக் என்று ஒன்று உண்டு. யார், எப்போது, எந்த வரியைச் சேர்த்தார் என்று வரும். எந்த வரியை நீக்கினார் என்பதும் அதே அளவு துல்லியமாக, சிவப்பு நிறத்தில் வரும். குடும்ப உணவக வரலாறு என்கிற எழுத்து வகையில் பச்சை வரிகள் மட்டும்தான் இருக்கின்றன. பாட்டி ஆரம்பித்தார், மகன் வளர்த்தார், பேரன் கிளை திறந்தார். சிவப்பு வரியை யாரும் எழுதுவதில்லை.

அந்தச் சிவப்பு வரியை எழுதிப் பார்க்கலாம். 1966இல் சிங்கப்பூரின் கிழக்குக் கரையைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. பிடோக், சிக்லாப் பகுதிக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட்டில் ஏற்றிக் கடலுக்குள் கொட்டினார்கள். கட்டம் கட்டமாக இருபது ஆண்டுகள். 1,500 ஹெக்டேருக்கும் மேல் கடல் நிலமானது. மரைன் பரேடு குடியிருப்பு, கிழக்குக் கரைப் பூங்கா, விமான நிலையத்துக்குப் போகும் விரைவுச்சாலை எல்லாம் அந்த நிலத்தில்தான். தூர்க்கும் வேலைக்கு முன்பே, 1964இல், கடற்கரைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்: வீட்டுக்கு முன்னால் இருந்த கடல் காணாமல் போனால் அதற்கு நஷ்டஈடு கிடையாது. நிலம் போனால் ஏதோ கொஞ்சம் பணம் உண்டு. கடல் போனால் ஒன்றுமில்லை. கடல் யார் பெயரிலும் பட்டா போடப்படவில்லையே.

கரையோரம் மலாய் மீனவர்களின் கம்போங்குகள் இருந்தன. அவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கடலோர உணவகங்களில் பலவற்றை 1985இல் கிழக்குக் கரைப் பூங்காவில், அதாவது புது நிலத்தின் புது விளிம்பில், ஒரே வளாகமாகக் கட்டி அதற்குள் குடியேற்றினார்கள். கடல் போனதால்தான் செர் யாம் தியான் குடும்பம் கடையை விற்றது என்று நான் சொல்லவில்லை. நாட்டை விட்டுப் போக ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும். பாம் பீச் என்று பெயர் வைக்கக் காரணமாக இருந்த இரண்டு விஷயங்களில் ஒன்று பாம், இன்னொன்று பீச். அந்த இரண்டாவது விஷயம் அந்தச் சாலையை விட்டுக் கண்காணாத தூரம் போய்விட்டது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இதில் வேடிக்கை இன்னும் பாக்கி இருக்கிறது. விற்கப்பட்ட பாம் பீச் என்ற பெயர் அழியவில்லை. இன்று அது ஒன் ஃபுல்லர்ட்டனில், மெர்லயன் சிலைக்குப் பக்கத்தில், மரினா விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நண்டு ஓட்டை உடைக்கிறார்கள். அது கடல் இல்லை. 2008இல் மரினா தடுப்பணை திறக்கப்பட்ட பிறகு அந்த விரிகுடா ஒரு குடிநீர்த் தேக்கம். ஆக, பெயரை வைத்திருக்கிற கடை ஏரியைப் பார்க்கிறது. குடும்பத்தை வைத்திருக்கிற கடை கார் நிறுத்துமிடத்தின் மேல் இருக்கிறது. இரண்டுமே கடற்கரை உணவக மரபின் வாரிசுகள். கடல்தான் எந்தப் பக்கமும் வாரிசு இல்லாமல் செத்துப்போனது.

சிங்கப்பூரில் கொஞ்ச நாள் இருந்தால் இந்த மாதிரி இடங்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். பீச் ரோடில் பீச் கிடையாது. கடலைக் காக்க 1879இல் கட்டிய தஞ்சோங் காத்தோங் கோட்டையின் அடித்தளம் இப்போது ஒரு பூங்காவுக்குள், தரைக்கு அடியில் கிடக்கிறது. நம்மவர்கள் கதையும் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் தெலுக் ஆயர் தெருவில் 1828 முதல் 1830 வரை கட்டிய நாகூர் தர்கா அன்று அலை தொடும் தூரத்தில் இருந்தது. கடலைத் தாண்டி உயிரோடு வந்ததற்கு நன்றி சொல்ல, இறங்கிய கரையிலேயே கட்டினார்கள். பிரிட்டிஷ்காரன் காலத்திலேயே அந்தக் கரை தூர்க்கப்பட்டு, இன்று தர்காவைச் சுற்றி வங்கிக் கோபுரங்கள்.

2009இல் மலேசியாவின் சுற்றுலா அமைச்சர் இங் யென் யென் ஒரு குண்டு போட்டார். சில்லி க்ராப், லக்சா, நாசி லெமாக் எல்லாம் எங்களுடையவை, மற்றவர்கள் அபகரித்துக்கொண்டார்கள் என்றார். இரண்டு நாட்டுக்காரர்களும் இணையத்தில் உருண்டு புரண்டார்கள். நான் சிங்கப்பூர் வந்தபிறகும் அலுவலகத்தில் மதிய உணவு நேரத்தில் அந்தச் சண்டை உயிரோடு இருந்தது. யாருடைய ரெசிப்பி, யார் முதலில் முட்டை ஊற்றியது, யாருடைய பாட்டி. எனக்குச் சிக்கன் 65 சண்டை ஞாபகம் வரும். இந்தச் சண்டையில் எல்லோரும் உற்சாகமாக இறங்கக் காரணம், இதில் யாருக்கும் எதையும் இழக்க வேண்டியதில்லை. ரெசிப்பிக்குச் சொந்தம் கொண்டாடினால் அரசு விருது தரும். கரைக்குச் சொந்தம் கொண்டாடினால் நோட்டீஸ் தரும்.

சரி, தட்டில் இருக்கிற நண்டு யாருடையது? யாரும் கேட்காத கேள்வி இது.

சிங்கப்பூர் உணவகங்களின் மெனு கார்டில் 'ஸ்ரீலங்கன் க்ராப்' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். கொடுக்கு கனமான சேற்று நண்டு. புத்தளம், மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்துக் களப்புகளிலும் அலையாத்திக் காடுகளிலும் பிடித்து, கொடுக்கைக் கட்டி, உயிரோடு விமானம் ஏற்றுகிறார்கள். ஷெஃப் தர்ஷன் முனிதாச, கிரிக்கெட்டர்கள் மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்காரவோடு சேர்ந்து 2011இல் கொழும்பில் மினிஸ்ட்ரி ஆஃப் க்ராப் திறந்ததன் பின்னணியே இதுதான்: இலங்கையின் பெரிய நண்டை இலங்கையில் சாப்பிட முடியவில்லை, எல்லாம் ஏற்றுமதிக்குப் போய்விடுகிறது. இந்த ஆதங்கத்தைப் பேட்டியில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நான் மீஞ்சூர்க்காரன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்கார்ந்து பழவேற்காடு போவோம். நண்டு வாங்கத்தான். கூடையில் குவித்திருக்கும் நண்டில் அப்பா பெரிதாக ஒன்றைத் தேடுவார். விற்கிற அம்மா ஒவ்வொரு வாரமும் சொல்வதையே சொல்வார்: "பெருசெல்லாம் கம்பெனிக்காரன் எடுத்துக்கினு பூட்டான் நைனா. சிங்கப்பூர் போவுது. இதான் கீது, எடுத்துக்க." சிங்கப்பூர் என்ற ஊரின் பெயரை நான் முதலில் கேட்டது நண்டு விஷயமாகத்தான். இருபது வருஷம் கழித்து, முதல் மாதச் சம்பளத்தில், இங்கே ஒரு கடையில் முழு நண்டு ஒன்றை என் முன் வைத்தார்கள். என் இரண்டு கையையும் சேர்த்து வைத்த அளவு. இலங்கையோ பழவேற்காடோ, அது வந்த தண்ணீர் எனக்குத் தெரிந்த தண்ணீர்தான். எங்கள் ஊர்க் கழியின் பெரிய நண்டைத் தின்ன நான் பொறியியல் படித்து, வேலை அனுமதிச்சீட்டு வாங்கி, மூவாயிரம் கிலோமீட்டர் வரவேண்டியிருந்தது. ருசியாக இருந்தது. பொய் சொல்லவில்லை.

இப்போது எதிர்க்கட்சி வாதம். நண்பன் அன்றே மேசையில் வைத்தான். "டேய், நீ இருக்கிற வீடே அந்த நிலத்துலதான இருக்கு? குடிசைல இருந்தவனுக்கு ஃப்ளாட் குடுத்தான், கக்கூஸ் குடுத்தான், ட்ரெயின் வுட்டான். கடல் போனா போவட்டும்டா."

இந்த வாதத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதல் நிலத்தில் ஏழைகளும் குடியிருக்கிறார்கள். நம் ஊர் மாதிரி கரையைப் பிடுங்கிவிட்டு ஊருக்கு வெளியே தள்ளிக் கண்ணகி நகரில் கொண்டுபோய்க் கொட்டவில்லை. நான் வாடகைக்கு இருப்பதும் மரைன் பரேடில்தான். இதையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இழப்பு நியாயமானது என்றால் அதை ஏன் கணக்கில் எழுதக் கூடாது? வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று எழுதினால் அது கணக்கு. வரவை மட்டும் எழுதிச் செலவுப் பக்கத்தில் ஒரு பாட்டியின் சிரித்த முகத்தை ஒட்டினால் அது விளம்பரம்.

செலவு சிங்கப்பூரோடு முடிவதும் இல்லை. குன்றுகள் தீர்ந்த பிறகு மணல் வெளியிலிருந்து வந்தது. மலேசியா 1997இல் தடை போட்டது, இந்தோனேசியா 2007இல், கம்போடியா 2017இல். கம்போடியாவில் கோ கோங் கரையோரம் மணல் அள்ளியபோது அங்கே வருமானத்தை இழந்ததாகச் சொன்னவர்கள் யார் தெரியுமா? நண்டு பிடிக்கிற குடும்பங்கள். அவர்களில் ஏதோ ஒரு வீட்டிலும் ஒரு அம்மா நண்டை வேறு விதமாகச் சமைத்துப் பார்த்திருப்பார். அவருடைய கடைக்கு வரலாறு எழுத ஆளில்லை.

நான் இவ்வளவு கோபப்படுவதற்கு உண்மையான காரணம் சிங்கப்பூர் இல்லை. சிங்கப்பூரைக் காட்டி நம் ஊரில் பேசுகிற பேச்சு. தேர்தலுக்குத் தேர்தல் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு ஊரைச் சிங்கப்பூர் ஆக்குவதாகச் சொல்கிறார். பழைய மகாபலிபுரம் சாலைக் கண்ணாடிக் கட்டடங்களில் என் வயதுக்காரர்கள், நன்றாகப் படித்தவர்கள், அதையே ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். மீன்கடைப் பெண்களை மெரினா லூப் சாலையிலிருந்து அகற்றினால் ட்ராஃபிக் சரியாகிவிடும், அழகாகவும் இருக்கும், சிங்கப்பூரைப் பார் என்கிறார்கள்.

கிழக்குக் கரையில் கடலுணவுக் கடைகளை வளாகத்துக்குள் வைத்த அதே 1985, டிசம்பர். மெரினாவை அழகுபடுத்தப் போகிறோம் என்று படகையும் வலையையும் அகற்றச் சொன்னது எம்.ஜி.ஆர். அரசு. மீனவர்கள் மறுத்தார்கள். போலீஸ் சுட்டதில் ஐந்து மீனவர்கள் இறந்தார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் கலைக்கப்பட்ட நாளில் நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. 2023 ஏப்ரலில், உயர் நீதிமன்றம் தானாக எடுத்த வழக்கைத் தொடர்ந்து, மாநகராட்சி நொச்சிக்குப்பம் பக்கத்துச் சாலையோர மீன்கடைகளை அகற்றியது. மீனவர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் அங்கேயே புது மீன் அங்காடி திறந்தார்கள். கட்டடம் நன்றாக இருக்கிறது, தண்ணீர் வசதி இருக்கிறது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருஷம் கழித்து ஒரு யூட்யூபர் அங்கே போய் 'மூன்று தலைமுறை மீன் வறுவல்' என்று வீடியோ போடுவார். பாட்டி மிளகாய்த்தூள் கலக்கும் கை க்ளோஸப்பில் வரும். 1985 வராது. அந்த வீடியோவைப் பகிரப் போகிறவர்கள் நாம்தான்.

பழவேற்காட்டுக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டம் வந்தது. அதில் ஒரு பகுதி நிலம் கடலைத் தூர்த்து எடுப்பது. மீனவ ஊர்கள் வருஷக்கணக்கில் எதிர்த்துக்கொண்டிருக்கின்றன. என் பொறியியல் மூளை அந்த வரைபடத்தைப் பார்த்தபோது முதலில் வியந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீலத்தில் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் சாம்பல் நிறம் அடித்தால் அது நிலம். எவ்வளவு சுத்தமான வேலை. மரைன் பரேடுக்கும் இப்படி ஒரு வரைபடம் யாரோ ஒரு நல்ல பொறியாளர் போட்டிருப்பார்.

அன்று சாப்பிட்டு முடித்து, குழம்பில் கடைசித் துளியை வறுத்த பன்னில் தோய்த்து வழித்த பிறகு, நண்பன் கடலைப் பார்த்தே தீருவேன் என்றான். இறங்கி, விரைவுச்சாலைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை வழியாக நடந்தோம். பூங்கா, சைக்கிள் பாதை, அப்புறம் மணல், அப்புறம் கடல். தூரத்தில் நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் வரிசையாக. அவன் போட்டோ எடுத்தான்.

"இதுவும் போகப் போவுதுடா" என்றேன். 2023 நவம்பரில் அறிவித்த லாங் ஐலண்ட் திட்டம். இந்தக் கரைக்கு வெளியே சுமார் 800 ஹெக்டேர் புது நிலம், இடையில் சிக்கும் தண்ணீர் நன்னீர்த் தேக்கம். கடல்மட்டம் உயர்வதால் தாழ்வான கிழக்குக் கரையைக் காக்க அது வேண்டும் என்கிறார்கள். காரணம் பொய்யில்லை. கட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். முடிந்தபின் கிழக்குக் கரைக் கடலுணவுக் கடைகளும் ஏரியைப் பார்க்கும்.

"அப்ப பீச்சுக்கு எங்க போவாங்க?"

"அதுக்கு அந்தாண்ட புதுசா ஒண்ணு போடுவாங்க."

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். நண்பனைக் காட்டினேன். நண்டு சாப்பிட்ட கதையைச் சொன்னோம். அப்பாவுக்கு எப்போதும் விலைதான் முக்கியம். கிலோ என்ன என்று கேட்டார். நூறு வெள்ளியைத் தொடும் என்றேன். ரூபாயில் மனக்கணக்குப் போட்டுப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"போன வாரம் பழவேற்காடு போனேன்டா" என்றார் பிறகு. "அந்தம்மா இல்ல. மவதான் உக்காந்திருக்கு. சின்னதுகூட வரலன்னுது. கொஞ்சம் எறா வாங்கினு வந்தேன்."